பழைய லெகோ டெக்னிக் பெட்டி வாங்கினால்: பின்களை நிறம் பார்த்துப் பிரிப்பதிலிருந்து குறைந்ததை வரவழைப்பது வரை

போன ஏப்ரலில் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு லெகோ டெக்னிக் கிரேன் வண்டி, அதாவது பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டிக் கட்டும் அசையும் பொம்மை, விற்பனைக்கு வந்தது. விலை 2,800 ரூபாய். மகனுக்கு ஆறாம் வகுப்புக்கு முந்தைய விடுமுறை. யோசிக்காமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் அட்டைப்பெட்டி இல்லை, கையேடு இல்லை. ஒரு பிக்‌ஷாப்பர் பை நிறையத் துண்டுகள் மட்டும். "எல்லாம் இருக்குங்க, எண்ணிப் பார்க்கலை, அவ்வளவுதான்" என்றார் விற்றவர்.

பெரிய துண்டுகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. படுத்தியெடுத்தவை பின்கள்தான். பீம் எனப்படும் துளையிட்ட நீளத் துண்டுகளில் நுழைந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் விரல்நுனி அளவுத் துண்டுகள். கருப்பு, சாம்பல், நீலம், சந்தனம், சிவப்பு என்று கலந்து கிடந்தன. நிறம் அழகுக்காக என்று நினைத்து, கைக்குக் கிடைத்ததை மாட்டிப் பத்து நாள் கட்டினோம். முடிவில் ஸ்டீயரிங் திரும்பவில்லை, கிரேனின் கை தொங்கியது. மொத்தத்தையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அப்புறம் குறைந்த துண்டுகளை வரவழைக்க ஆதார், சுங்கம் என்று இன்னும் ஒரு மாதம் போனது.

பெங்களூரில் இப்படி ஒரு பையை வாங்கி வைத்துக்கொண்டு விழிக்கும் பெற்றோருக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன்.

1. காசு கொடுக்கும் முன் செட் எண்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஐந்து இலக்கம். அது அட்டைப்பெட்டியின் முகப்பிலும் கையேட்டின் அட்டையிலும் இருக்கும். அந்த எண் இருந்தால் கையேட்டை லெகோ நிறுவனத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். அவர்களுடைய பில்டர் செயலியிலும் பார்க்கலாம். எண் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

விற்பவரிடம் பெட்டி இல்லாவிட்டால் பழைய பில், வாங்கிய தளத்தின் ஆர்டர் பக்கம், கட்டி முடித்தபோது எடுத்த படம், இவற்றில் ஒன்றையாவது கேளுங்கள். எங்களுக்கு விற்றவர் தன் மகனின் பிறந்தநாள் படத்தைத் தேடி அனுப்பினார். பின்னணியில் பெட்டியின் மூலை தெரிந்தது, எண்ணும் தெரிந்தது. இதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டிருந்தால் விலையும் குறைந்திருக்கும்.

இன்னொன்று, பையிலிருந்து ஒரு பீமை எடுத்துப் பாருங்கள். லெகோ துண்டென்றால் அதன் பெயர் எங்காவது பொடி எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். வேறு நிறுவனங்களின் துண்டுகள் கலந்திருப்பது சகஜம். துளை அளவு ஒத்துப்போகும், ஆனால் பின்களின் இறுக்கம் ஒரே மாதிரி இருக்காது. நிறமும் அதே விதியைப் பின்பற்றும் என்று சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி கலப்பாக இருந்தால் நான் வாங்கவேண்டாம் என்றே சொல்வேன்.

2. கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டாம். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மோட்டார், பேட்டரிப் பெட்டி, ஒயர் உள்ள துண்டுகளைத் தனியே எடுத்துவைத்து உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். பின்களைக் காய்கறி வாங்கும் வலைப்பையில் போட்டு அலசினால் ஒன்றும் சாக்கடைக்குள் போகாது.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து, காய்ந்ததும் கருப்புப் பின்கள் வெள்ளை பூத்துச் சாம்பல் போலத் தெரிந்தன. கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். நிறம் பார்த்துப் பிரிக்கப் போகிறோம், அதனால் இது முக்கியம்.

3. முதல் பிரிப்பு: நிறம்

பகலில் செய்யுங்கள். ராத்திரி ஹாலில் மஞ்சள் விளக்கின் கீழ் உட்கார்ந்து சாம்பலையும் சந்தனத்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டது எங்கள் முதல் தவறு. பால்கனியில் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் கொட்டிப் பிரித்தபோது ஒரே காலையில் முடிந்தது.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அலகு என்று நான் சொல்வது ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு உள்ள தூரம், 8 மில்லிமீட்டர்.

இரண்டு அலகு நீளமுள்ள பின்தான் எல்லாவற்றிலும் அதிகம். அது கருப்பாக இருந்தால் உடம்பில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். துளைக்குள் போனதும் அவை அழுந்திப் பிடித்துக்கொள்ளும். வடிவ எண் (துண்டின் உருவத்துக்கான எண்) 2780. அதே நீளத்தில் சாம்பல் நிறம் என்றால் உடம்பு வழவழப்பு. துளைக்குள் சுலபமாகச் சுழலும். வடிவ எண் 3673.

மூன்று அலகு நீளப் பின்னில் நீலம் இறுக்கமானது, எண் 6558. சந்தன நிறம் சுழலக்கூடியது, எண் 32556.

அடுத்தது பாதி பின், பாதி சிலுவை. ஒரு பக்கம் வட்டத் துளைக்கும் மறுபக்கம் சிலுவைத் துளைக்கும் பொருந்தும். இதிலும் நீலம் இறுக்கம், எண் 43093. சந்தனம் சுழற்சி, எண் 3749.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? கருப்பும் நீலமும் பிடிக்கும். சாம்பலும் சந்தனமும் சுழலும். இந்த ஒரு வரி எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் அந்தப் பத்து நாள் மிஞ்சியிருக்கும். நிறங்களை இப்படி வைத்ததே இதற்காகத்தான். இறுக்கமான பின்னும் சுழலும் பின்னும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே உருவம். ஒரே நிறத்தில் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையால் பிரித்தறிய முடியாது. கருப்பு வண்டிக்குள் நீலப் பின் துருத்திக்கொண்டு தெரிவது அசிங்கம் என்று பெரியவர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டிப் பாருங்கள், அந்த நீலம் கண்ணில் படுவது எவ்வளவு உதவி என்று புரியும்.

சிவப்பு கொஞ்சம் வேறு கணக்கு. சிவப்பில் ஒரு முனை தடித்துத் தலை வைத்த மூன்று அலகுப் பின் இருக்கும், எண் 32054. அந்தத் தலையைப் பிடித்து இழுத்துக் கழற்றலாம். ஆக்சில் எனப்படும் கம்பிகளில் இரண்டு அலகுக் குட்டியும் சிவப்புதான், எண் 32062. சிலுவை வடிவில், ஓரத்தில் பள்ளம் வெட்டி இருக்கும். ஆக்சிலில் மாட்டும் வளையங்களை புஷ் என்பார்கள். அரை அகல புஷ் மஞ்சளாகவும், முழு அகல புஷ் சாம்பலாகவோ சிவப்பாகவோ வரும்.

கோண இணைப்பிகளில் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். அவை பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும். ஆனால் துண்டின் மேலேயே 1 முதல் 6 வரை ஓர் எண் வார்த்திருக்கும். 2 என்றால் நேர்கோடு, 3 என்றால் 157.5 டிகிரி, 4 என்றால் 135, 5 என்றால் 112.5, 6 என்றால் 90. பார்வைக்கு 3-ம் 4-ம் ஒன்று போலவே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணைப் படியுங்கள். 1-க்கு ஒரு பக்கம் மட்டும்தான் கை, அதனால் குழப்பமே இல்லை.

4. இரண்டாம் பிரிப்பு: விரல்

நிறம் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மர்பி டவுனிலிருந்து பேரனைப் பார்க்க வந்தவர், கருப்புக் கிண்ணத்துக்குள் கை விட்டு இரண்டு பின்களை எடுத்தார். கண்ணாடி கூடப் போடவில்லை.

"இது டைட் ஃபிட்டும்மா. இது ரன்னிங் ஃபிட். ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டிருக்கே?"

"ரெண்டும் கருப்புதானே மாமா?"

"கலரை விடு. தடவிப் பாரு."

தடவினேன். ஒன்றில் மேடு இருந்தது, மற்றது வழவழவென்று இருந்தது. வேறு நிறுவனத்துத் துண்டு, எப்படியோ கலந்திருக்கிறது. அவர் சொன்ன பிறகு முழுக் கிண்ணத்தையும் தடவிப் பார்த்ததில் பதினோரு போலிக் கருப்பு கிடைத்தன. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

விரலுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. நீளமான இரண்டு பீம்களின் முனைகளை ஒரே ஒரு பின்னால் இணையுங்கள். ஒன்றைக் கையில் படுக்கையாகப் பிடித்து மற்றதையும் அதே மட்டத்துக்குத் தூக்கி விடுங்கள். விட்டதும் தொப்பென்று விழுந்தால் சுழலும் பின். அப்படியே நின்றாலோ மெல்ல இறங்கினாலோ இறுக்கமான பின். என் மகனுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போய், சந்தேகமே இல்லாத பின்களையும் சோதித்துக்கொண்டிருந்தான்.

ஏமாற வைக்கும் இடங்கள் இன்னும் மூன்று உண்டு.

பழைய சாம்பல் ஒன்று. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது. அதற்கு முந்தைய சாம்பலில் லேசாகப் பழுப்புச் சாயல் இருக்கும். புதிய சாம்பல் நீலச் சாயல் கொண்டது. பல வருடத் துண்டுகள் கலந்த பையில் பழைய சாம்பலைச் சந்தனம் என்று நினைத்துவிடுவோம். இரண்டும் சுழலும் வகைதான், எனவே பின்னில் பெரிய சேதம் இல்லை. பீம்களில் தவறினால் வண்டி திட்டுத்திட்டாகத் தெரியும்.

இரண்டாவது, எல்லாக் காலத்துப் பெட்டிகளும் ஒரே நிற விதியைப் பின்பற்றவில்லை. பழைய பெட்டிகளில் மூன்று அலகு இறுக்கமான பின் கருப்பிலும் இருந்தது. இரண்டு அலகு ஆக்சிலும் கருப்பில் வந்திருக்கிறது. உங்கள் செட்டின் கையேடு எந்த நிறத்தைக் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

மூன்றாவது நிறம் பார்ப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகள். ஆண் பிள்ளைகளில் இது அப்படி ஒன்றும் அரிதல்ல. எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பையனுக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். அவனுக்குக் கிண்ணங்களின் மேல் நிறத்தின் பெயரும், தடவினால் எப்படி இருக்கும் என்பதும் எழுதி ஒட்டினோம். பிறகு அவன் எங்களைவிட வேகமாகப் பிரித்தான்.

5. ஆக்சில்களுக்கு அளவுகோல்

ஆக்சில் என்பது குறுக்குவெட்டில் சிலுவை போல இருக்கும் கம்பி. நீளத்தை அலகுகளில் சொல்வார்கள். இரட்டைப்படை நீளம் கருப்பு, ஒற்றைப்படை நீளம் சாம்பல் என்பது நீண்டகால வழக்கம். இரண்டு மட்டும் மேலே சொன்னபடி சிவப்பு. புதிய பெட்டிகளில் இது அப்படியே நிற்கவில்லை, 5 அலகு ஆக்சில் மஞ்சளிலும் வருகிறது.

அச்சிட்ட கையேட்டில் ஆக்சிலின் படத்தை உண்மையான நீளத்திலேயே போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குள் எண்ணும் தந்திருப்பார்கள். புத்தகத்தின் மேல் ஆக்சிலை வைத்தே சரிபார்க்கலாம். நீங்கள் பிடிஎஃப் பார்க்கிறவர் என்றால் இந்த வழி உங்களைக் கவிழ்த்துவிடும். போன் திரையில் தெரியும் படம் உண்மை அளவில் இருக்காது. வட்டத்துக்குள் உள்ள எண்ணை எட்டால் பெருக்குங்கள், மில்லிமீட்டர் கிடைக்கும். 5 என்றால் 40, 6 என்றால் 48. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். எல்லா ஆக்சில்களையும் ஒரு தடவை அளந்து நீளவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

6. எண்ணுவது, பட்டியல் எழுதுவது

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் துண்டுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை என்பதும் ஒரு நீண்ட எண்ணும் உண்டு.

பின்களைக் கையால் எண்ணினால் தப்பும். 15 துளை பீம் ஒன்றை எடுத்து எல்லாத் துளையிலும் ஒவ்வொரு பின்னைச் செருகுங்கள். நிறைந்தால் பதினைந்து. எண்ணிய மாதிரியும் ஆயிற்று, வளைந்த பின், முனை பிளந்த பின் எல்லாம் தானாகவே மாட்டிக்கொள்ளும். பிறகு கழற்ற விரலையும் பல்லையும் கத்தியையும் பயன்படுத்த வேண்டாம். ஓர் ஆக்சிலின் முனையை எதிர்ப்பக்கத்திலிருந்து வைத்து அழுத்தினால் பின் வெளியே வந்துவிடும். ஆரஞ்சு நிறப் பிரிப்பான் உங்கள் பையில் இருந்தால் அதன் முனையிலேயே இதற்கு ஒரு நீட்டல் இருக்கும்.

இனி எண்கள். இங்கேதான் நான் பணத்தை இழந்தேன், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு துண்டுக்கு இரண்டு வகை எண்கள் உண்டு. வடிவ எண் என்பது உருவத்துக்கு மட்டும். நான் மேலே கொடுத்தவை எல்லாம் அவைதான். கையேட்டின் பட்டியலில் இருக்கும் ஆறு, ஏழு இலக்க எண் உருவம், நிறம் இரண்டையும் சேர்த்துக் குறிக்கும். வாங்கும்போது எப்போதும் அந்த நீண்ட எண்ணையே சொல்லுங்கள். வடிவ எண் காலப்போக்கில் மாறவும் மாறும். ஒரே கருப்புப் பின்னுக்கு 2780 என்றும் 61332 என்றும் இரண்டு எண் பார்க்கலாம்.

அடுத்தது நிறத்தின் பெயர். லெகோ வைத்திருக்கும் பெயர் ஒன்று, துண்டு விற்கும் தளமான பிரிக்லிங்க் வைத்திருக்கும் பெயர் வேறொன்று. நாம் சந்தனம் என்பதை பிரிக்லிங்கில் டேன் என்பார்கள். லெகோவின் பட்டியலில் அதற்குப் பெயர் பிரிக் யெல்லோ. அது மஞ்சள் அல்ல! மஞ்சளுக்கு அவர்கள் வைத்த பெயர் பிரைட் யெல்லோ. அதேபோல் வெளிர் சாம்பலுக்கு மீடியம் ஸ்டோன் கிரே.

எனக்குத் தேவைப்பட்டவை சந்தன நிற மூன்று அலகுப் பின்கள் எட்டு. பட்டியலில் பிரிக் யெல்லோ என்று பார்த்துவிட்டு, இந்தியாவில் இருக்கும் ஒரு விற்பனையாளரிடம் மஞ்சள் பின் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கேட்டது தப்பு, அவர் சொன்னது சரி. நாட்டிலேயே கிடைக்காது போல என்று முடிவு செய்து வெளிநாட்டில் ஆர்டர் போட்டேன். பிறகு பார்த்தால் அதே விற்பனையாளரிடம் சந்தனப் பின்கள் வேண்டிய அளவு இருந்தன. அந்த ஒரு சொல்லால் 2,650 ரூபாயும் ஒரு மாதமும் போயின.

எனவே பட்டியலில் நான்கு பத்தி போடுங்கள்: நீண்ட எண், வடிவ எண், நாம் பார்க்கும் நிறம், எத்தனை. பக்கத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். விற்பவருக்கு இரண்டையும் அனுப்புங்கள்.

7. குறைந்ததை எங்கே வாங்குவது

வாங்கியது புதிய பெட்டியாக இருந்து, பிரிக்கும்போதே துண்டு குறைந்திருந்தால் முதலில் லெகோ நிறுவனத்தின் சேவைப் பக்கத்துக்குப் போங்கள். செட் எண்ணும் துண்டு எண்ணும் கேட்பார்கள். பெட்டியையும் பில்லையும் கட்டி முடிக்கும் வரை தூக்கிப் போடாதீர்கள். பின்கள் போன்ற பொடித் துண்டுகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கூடுதலாகவே வைத்திருப்பார்கள், எனவே காலிப் பைகளின் மூலையையும் தடவிப் பாருங்கள். பழைய பெட்டி வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது.

எங்களைப் போன்றவர்களுக்கு முதல் வழி ஊருக்குள்தான். அடுக்ககக் குழுவில் "டெக்னிக் பின் மட்டும் வேண்டும், நிறம் இன்னது" என்று படத்தோடு போடுங்கள். யார் வீட்டிலாவது ஒரு டப்பாவில் கிடக்கும். எனக்கு இரண்டாவது மாடி அக்கா ஒரு டம்ளர் நிறையக் கருப்புப் பின்களைச் சும்மாவே கொடுத்தார். சிக்பேட்டைப் பக்கம் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் காலை ஏழு மணிக்குப் போனேன். பொம்மைகள் இருந்தன, பின்கள் கிடைக்கவில்லை. இதற்கென்று போக வேண்டாம்.

இரண்டாவது வழி இந்தியாவுக்குள் இருக்கும் துண்டு விற்பனையாளர்கள். பிரிக்லிங்கில் கடை இருக்கும் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். கடைகள் குறைவு, இருப்பும் குறைவு. ஆனால் பின்கள் எல்லோரும் வைத்திருக்கும் பொருள். 84 துண்டுகளுக்கு 640 ரூபாயும் கூரியருக்கு 90 ரூபாயும் ஆயின. ஆறு நாளில் வந்தன. குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஒவ்வொரு கடைக்கும் வேறு, அதனால் முழுப் பட்டியலையும் ஒரே கடையில் கேட்டுப் பாருங்கள்.

கடைத்தெருவிலும் இணையத்திலும் நூறு பின் கொண்ட பொட்டலங்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரையும் பில்லும் இல்லாத பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் எந்தப் பின்னும் அதன் கைக்கு எட்டக் கூடாது.

மூன்றாவது வழி வெளிநாடு. வேறு வழியே இல்லாதபோது மட்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. பரிசு என்று எழுதி அனுப்பச் சொன்னால் தப்பிக்கலாம் என்பார்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. என் பார்சலில் துண்டுகளின் விலை 410, அனுப்பும் செலவு 1,350, வரியும் கூரியரின் கட்டணமும் சேர்த்து 890. எட்டுப் பின்னுக்கு இது அநியாயம். அங்கிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் அவர்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆவணங்களால் நின்றது ஒன்பது நாள். கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்கும். நம் ஆட்களுக்கு இதில் இரண்டு சிக்கல் வரும்.

ஒன்று, பெயர். என் ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயர். ஆர்டரில் நான் போட்டது கணவர் பெயரைச் சேர்த்து. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆர்டர் போடும்போதே ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியலை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கமே வைத்துப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். ஆர்டர் போன பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மற்றது, முகவரி. என் ஆதாரில் வாணியம்பாடி முகவரி. பார்சல் வர வேண்டியது சி.வி. ராமன் நகருக்கு. வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், அது கணவர் பெயரில் இருந்தது. பிறகு அவருடைய அடையாளம், திருமணச் சான்று எல்லாம் அனுப்பித்தான் நகர்ந்தது. யாருடைய ஆதாரில் பெங்களூர் முகவரி இருக்கிறதோ அவர் பெயரில், அந்த முகவரிக்கே ஆர்டர் போட்டிருந்தால் இத்தனையும் வேண்டியதில்லை. மாமாவின் ஆதாரில் மர்பி டவுன் முகவரி சரியாக இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

ஆவணங்களைக் கூரியரின் சொந்தத் தளத்தில், பார்சல் எண்ணைப் போட்டு மட்டும் ஏற்றுங்கள். "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த யுபிஐ-க்குப் பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் அழைப்பு என்பதால் நம்பிவிடத் தோன்றும். எனக்கு இரண்டு முறை வந்தது. வரியைக் கட்டும் இணைப்பும் அந்தத் தளத்திலேயே இருக்கும், ரசீதும் அங்கேயே கிடைக்கும்.

8. துண்டு வரும் வரை எதை எதனால் ஈடுகட்டலாம்

பிள்ளைகள் ஒரு மாதம் காத்திருக்க மாட்டார்கள். சட்டகத்தை முதலில் கட்டுங்கள், அதற்கு இறுக்கமான பின் எந்த நிறமானாலும் பரவாயில்லை. கருப்பு தீர்ந்துபோனால் வேறு நிறத்தில் இருக்கும் மேடுள்ள பின் போதும். உள்பக்கமாக வைத்தால் வெளியே தெரியாது.

அசையும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்டீயரிங் இணைப்பு, கதவின் கீல், கிரேன் கையின் மூட்டு, சஸ்பென்ஷன் கை, இவற்றில் கையேடு சாம்பலோ சந்தனமோ காட்டினால் அதுதான் வேண்டும். கருப்பைப் போட்டால் முதல் நாள் முறுக்கிக்கொண்டு நிற்கும், பலமாகத் திருப்பினால் பின்னின் மேடு தேய்ந்து அதுவும் வீணாகும். அந்த மூட்டைக் கட்டாமல் விட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். கைவசம் இருக்கும் சுழலும் பின்களை எண்ணி, எந்த மூட்டுக்கு எத்தனை என்று முன்பே ஒதுக்கிவையுங்கள். நாங்கள் ஸ்டீயரிங்குக்கு ஒதுக்கி, கிரேனின் கையைக் கடைசிக்கு வைத்தோம்.

சட்டகத்தில் சாம்பல் பின்னைப் போடுவதும் தவறுதான். உடனே தெரியாது. வண்டி பெரிதாகி எடை ஏறியதும் நடுவில் தொய்யும், பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கடகடவென்று சத்தம் வரும். சத்தம் கேட்டால் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அதைத் தாங்கும் பீம்களின் பின்களைப் பாருங்கள்.

9. திரும்பக் கலந்துவிடாமல் இருக்க

எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். இரண்டு டப்பா 320 ரூபாய்க்கு வாங்கினேன். மூடியை மூடினால் ஒவ்வோர் அறையின் சுவரும் மூடியைத் தொடுகிறதா என்று கடையிலேயே கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். இடைவெளி இருந்தால் ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஒன்றாகிவிடும். கருப்பையும் சாம்பலையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைக்காதீர்கள், நடுவில் ஆக்சில் அறை இருக்கட்டும்.

எங்கள் கணக்கு இது. பை 2,800, டப்பா 320, உள்நாட்டுத் துண்டுகள் 730, வெளிநாட்டுப் பார்சல் 2,650, ஆக மொத்தம் 6,500 ரூபாய். கழுவிப் பிரிக்க இரண்டு நாள், எண்ணிப் பட்டியல் போட ஒரு வாரம், கடைசிப் பார்சல் வர 31 நாள். நீண்ட எண்ணைச் சொல்லி உள்நாட்டிலேயே கேட்டால் நீங்கள் இதை இரண்டு வாரத்துக்குள், 4,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

எட்டுச் சந்தனப் பின்களும் ஜூன் இரண்டாம் வாரம், பள்ளி திறந்த பிறகு வந்தன. கிரேனின் கையில் ஆறு, பின்சக்கரத்தில் இரண்டு. மகன் யூனிஃபார்ம் கூட மாற்றாமல் உட்கார்ந்து மாட்டினான். மாமா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பின்னையும் முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் கொடுத்தார்.